தனிமையில் ஜெபிப்பது எப்படி: சங்கீதங்களின் துணையோடு ஒரு வழிகாட்டல்

தனிமையில் வாடுகிறவரிடம் "ஜெபம் பண்ணுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அநேகர். எந்த வேளையில், எந்த வார்த்தைகளால், எவ்வளவு நேரம் ஜெபிப்பது என்று கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர்கள் மிகச் சிலர். என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, நாற்பது ஆண்டுகள் இருவராகச் செய்துவந்த குடும்ப ஜெபத்தை நான் ஒருத்தியாகச் செய்ய வேண்டி வந்தபோதுதான், இத்தனை காலம் ஜெபித்தும் தனியாக ஜெபிக்க நான் கற்றிருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் வேதம் வாசிப்பார். நான் பாமாலையிலிருந்தோ கீர்த்தனையிலிருந்தோ ஒரு பாட்டை எடுப்பேன். முடிவில் இருவருமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுவோம். அவர் போன பிறகு பாட்டெடுக்கக் குரல் வரவில்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வசனத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் தட்டுத் தடுமாறிக் கற்று, இன்றுவரை கடைப்பிடித்து வருகிற முறையையே இங்கே எழுதுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் விட வேண்டியது வெட்கம்

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், நான் இன்னும் அழுவதைப் பார்த்து, இயேசு கூட இருக்கும்போது தனிமை என்று சொல்வது விசுவாசக் குறைவு அல்லவா என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி பல மாதங்கள் என் ஜெபத்தின் வாயை அடைத்துவிட்டது. தனிமையை ஆண்டவரிடம் சொன்னால் அது பாவ அறிக்கையைப் போல ஆகிவிடும் என்று பயந்து, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று தேவன் சொன்னது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில். பாவம் உலகத்துக்குள் வந்தது மூன்றாம் அதிகாரத்தில். ஏதேன் தோட்டத்தில், தேவனோடு எந்தத் தடையும் இல்லாமல் உறவாடிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தே அந்த வார்த்தை சொல்லப்பட்டது என்றால், மனிதத் துணைக்காக ஏங்குவது விசுவாசக் குறைவு ஆகாது. படைத்தவர் நமக்குள் வைத்த பசி அது. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் நம்முடைய ஆண்டவரே சீஷர்களைப் பார்த்து "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டுக்கொண்டார்; அவர்கள் தூங்கிப் போனார்கள். கூட இருக்கும்படி கேட்டும் கிடைக்காமற்போனது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் ஜெபத்தைத் தொடங்கும்போதே, "ஆண்டவரே, நான் தனியாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில், 25-ஆம் சங்கீதத்தின் 16-ஆம் வசனம் அதற்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது: "என்மேல் நோக்கமாயிருந்து, எனக்கு இரங்கும், நான் தனித்தவனும் சிறுமைப்பட்டவனுமாயிருக்கிறேன்."

சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள்

இதைப் படிக்கிற சிலருக்கு இது ஆவிக்குரிய ஆலோசனையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தேவதூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன; சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார்; இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்ற அவருடைய முறையீட்டுக்குப் பதில் வந்தது நாற்பது நாள் நடைக்குப் பிறகு, ஓரேப் மலையில்.

தனியாக இருக்கிறவர்கள் முதலில் கைவிடுவது இரவுச் சாப்பாட்டைத்தான். ஒருவருக்காக உலை வைக்க வேண்டுமா என்று தோன்றும். இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் காப்பியும் போதும் என்று நாட்கள் போகும். வெறும் வயிற்றோடும் தூக்கமில்லாத கண்ணோடும் ஜெபிக்கிறபோது, உடலின் சோர்வையெல்லாம் தேவன் தூரமாகிவிட்டதாக மனது மொழிபெயர்த்துக்கொள்ளும். அரை ஆழாக்கு அரிசியானாலும் போட்டுப் பொங்கி, ரசமோ துவையலோ வைத்து, தட்டில் இட்டு, ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த ஸ்தோத்திரமே அன்றைய மாலையின் முதல் ஜெபம்.

நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வது

மனது வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டுவிட்டால், தனிமையில் மனது வருவதே இல்லை. தானியேல் நாள்தோறும் மூன்று வேளை முழங்கால்படியிட்டார். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன், அவர் என் சத்தத்தைக் கேட்பார்" என்கிறது 55-ஆம் சங்கீதம். மூன்று வேளையும் முடியாதவர்கள், தங்கள் நாளில் எந்த மணிநேரம் மிகக் கனமாக இருக்கிறது என்று கவனித்து, அந்த மணிநேரத்தையே ஜெபவேளையாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் சுற்றிலும் உள்ள வீடுகளில் பிள்ளைகள் சத்தமும் குக்கர் விசிலும் கேட்கத் தொடங்கும்போது, எனக்கு வீடு இன்னும் வெறுமையாகிவிடும். ஆகவே ஆறரை மணியை நான் தெரிந்துகொண்டேன். விடுதியில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாக இருக்கலாம். குழந்தை தூங்கிய பின் வெளிநாட்டு அடுக்குமாடி வீட்டில் விழித்திருக்கிற இளம் தாய்க்கு அது நள்ளிரவாக இருக்கலாம்.

கால அளவு பத்து நிமிடம் போதும். நீண்ட ஜெபத்தைப் பொருத்தனை செய்துவிட்டு மூன்றாம் நாள் விட்டுவிடுவதைவிட, பத்து நிமிடத்தை ஒரு வருடம் காத்துக்கொள்வது மேலானது. இடம் ஒன்றாகவே இருக்கட்டும்: ஒரு பாயோ, ஒரு நாற்காலியோ, ஜன்னல் ஓரமோ. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வேதம் வாசிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் யாராவது செய்தி அனுப்பியிருப்பார்களா என்று நொடிக்கொரு தரம் பார்க்கிற பழக்கம் தனிமையைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

சொந்த வார்த்தை வராதபோது இரவல் வார்த்தை

இதுதான் நான் சொல்ல வந்தவற்றில் முக்கியமானது. தனிமையில் இருக்கிறவருக்குச் சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பது பெரும்பாலும் உதவாது. அது பாதி வழியில் தனக்குத் தானே பேசிக்கொள்வதாக, பழைய கவலைகளையே அரைத்துக்கொண்டிருப்பதாக மாறிவிடும். சங்கீதங்களைச் சத்தமாக வாசியுங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். அவற்றை எழுதினவர்கள் தேவனை நம்பினவர்கள், நம்பினதனாலேயே அவரிடம் சண்டைபோடத் துணிந்தவர்கள்.

13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு தரம் வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்று கேள்விமேல் கேள்வி. அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம். கடைசி இரண்டு வசனங்களில்தான் நம்பிக்கை. வாசிக்கும்போது முதல் பகுதியில் தாராளமாக நின்றுகொள்ளுங்கள். ஒவ்வொரு "எதுவரைக்கும்" என்ற சொல்லுக்குப் பின்னும் நிறுத்தி, உங்களுடைய காரியத்தை அந்த இடத்தில் வையுங்கள். மகன் எதுவரைக்கும் பேசாமல் இருப்பான், இந்த ஊரில் எனக்கு எதுவரைக்கும் ஒருவரும் இல்லாமல் இருப்பார்கள் என்று அப்படியே கேளுங்கள். கடைசிப் பகுதி உங்கள் மனதில் இன்னும் உண்மையாகவில்லை என்றாலும் வாசியுங்கள். அது உங்களுக்கு முன்னே போனவருடைய சாட்சி, இன்றைக்கு அவர் உங்களுக்காகச் சொல்லுகிறார்.

அடுத்து 102-ஆம் சங்கீதம். "என் போஜனத்தைப் புசிக்க மறந்தேன்" என்று அதில் ஒரு வரி வரும்போது, இத்தனை பழமையான இந்தப் பாட்டுகளுக்கு நம் அடுப்படி எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். "நான் நித்திரையில்லாமல் வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன்" என்பது அதன் 7-ஆம் வசனம். என் கணவருடைய வேதப்புத்தகத்தை, அவர் போய் ஏழெட்டு மாதம் கழித்து, முதல் தரமாக எடுத்து வாசித்தபோது, அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் மிகச் சிறியதாக "நாக்பூர், 11.8.84" என்று எழுதியிருந்தது. அப்போது அவர் வேலைக்காக அங்கே தனியாக இருந்தார். நான் பிள்ளைகளோடு ஊரில் இருந்தேன். வாரம் தவறாமல் வந்த இன்லண்ட் கடிதங்களில் சுகமாயிருக்கிறேன் என்பதைத் தவிர அவர் ஒன்றும் எழுதியதில்லை. என்னிடம் சொல்லாததை அவர் அந்த வசனத்தினிடத்தில் சொல்லியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்தாலும், அடியிலிருந்த கோடு தாளில் பள்ளம் விழும்படி அழுத்திப் போடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே நான் என் தேதியை எழுதிக்கொண்டேன். நீங்களும் தேதி எழுதுங்கள். எந்த வசனம் எந்த நாளில் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்ற கணக்கு, பின்னொரு நாளில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ தேவைப்படும்.

88-ஆம் சங்கீதத்தை மட்டும் எச்சரிக்கையோடு சொல்லுகிறேன். மற்ற முறையீடுகள் பெரும்பாலும் எங்கேயோ ஓரிடத்தில் துதியாகத் திரும்பும், இது திரும்புவதில்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாகி, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மிகவும் தளர்ந்திருக்கிற நாளில் இதை வாசித்துவிட்டு அப்படியே படுக்கப் போகாமல், 23-ஐயோ 121-ஐயோ சேர்த்து வாசியுங்கள். ஆனாலும் இப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்: விடியாத ஜெபத்தையும் தேவன் ஜெபமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வரிசையாக வாசிக்க விரும்புகிறவர்கள், நாளுக்கு ஐந்து சங்கீதம் வீதம் முப்பது நாளில் முழுவதையும் முடிக்கலாம். ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகத்திலும் காலை மாலையாகப் பிரித்து முப்பது நாளைக்கு வகுத்திருக்கிறார்கள். எனக்கு நாளுக்கு ஒன்று போதுமாக இருக்கிறது.

ஒன்றும் உணராத நாட்கள்

வாசித்தும் ஜெபித்தும் சுவரோடு பேசுவதுபோல இருக்கிற நாட்கள் வரும், சில சமயம் வாரக்கணக்காக வரும். அப்போது நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள், உணர்வைத் தேடாதீர்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஆகவே அந்தப் பத்து நிமிடமும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அது வீணானதல்ல. பிள்ளையில்லாத அன்னாள் தேவாலயத்தில் பிள்ளை கேட்டு ஜெபித்தபோது உதடு அசைந்ததே தவிர சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளோ தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். அவள் கேட்ட பிள்ளை கிடைப்பதற்கு முன்பே, அன்றைக்கே அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது.

"எங்கள் பிதாவே"

ஆண்டவர் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டித் தனியே ஜெபிக்கச் சொன்னார். அப்படித் தனியே இருப்பவர் சொல்லும்படி அவர் கற்றுக்கொடுத்த ஜெபமோ "எங்கள் பிதாவே" என்று தொடங்குகிறது. என் பிதாவே என்றில்லை, எனக்கு வேண்டிய ஆகாரத்தைத் தாரும் என்றுமில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் எங்கள், எங்களுக்கு, எங்களை. பூட்டிய அறைக்குள் ஒருத்தியாக இருந்து அதைச் சொல்லும்போது, அதே வார்த்தைகளை அதே மாலையில் சொல்லிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேரோடு சேர்ந்தே சொல்லுகிறேன். இந்த ஜெபத்தை மனப்பாடமாக ஓட்டாமல், ஒவ்வொரு "எங்கள்" என்ற சொல்லிலும் ஒருவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

இதற்காக ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. திங்கட்கிழமைக்கு மூன்று பெயர், செவ்வாய்க்கு மூன்று பெயர் என்று எழுதுங்கள். உறவினர் மட்டும் வேண்டாம், பால் கொண்டுவருகிறவர், மருந்துக்கடையில் இருக்கிற பையன், பேச்சுவார்த்தை நின்றுபோன பழைய சிநேகிதி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்காக ஒரு மாதம் ஜெபித்தபின் அவரைத் தெருவில் பார்த்தால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை எப்படிப் போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின் 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். அந்த இருபது ஆண்டுகளும் எழுத்தாலும் ஜெபத்தாலும், தம்மை அம்மா என்று அழைத்தவர்களோடு ஒன்றித்தே வாழ்ந்தார். படுக்கையில் இருக்கிற முதியோருக்கு நான் இதை அடிக்கடி சொல்லுவதுண்டு.

ஜெபித்துவிட்டுக் கதவைத் திறவுங்கள்

பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசியுங்கள். தேமா விட்டுப் பிரிந்துபோனான், லூக்கா மாத்திரம் கூட இருக்கிறான், முதல் விசாரணையில் ஒருவரும் துணைநிற்கவில்லை என்று எழுதுகிறார். கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார் என்றும் எழுதுகிறார். அதோடு நிறுத்திவிடாமல், சீக்கிரம் வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு, வரும்போது துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிறார். கர்த்தர் துணை நின்றதை அறிந்தவரே ஆள் துணையையும் வெட்கமின்றிக் கேட்டிருக்கிறார்.

நீங்களும் கேளுங்கள். போதகர் வருவார் என்று காத்திராமல், வீட்டுக்கு வந்து ஜெபிக்கும்படி அவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்; ஆலயத்துக்கு வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கிற வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். பெண்கள் ஐக்கியத்தின் வாராந்திரக் கூடுகையோ, தெரு ஜெபக்கூட்டமோ, கத்தோலிக்கருக்கு அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூடுகையோ, ஏதாவது ஒன்றில் தவறாமல் உட்காருங்கள். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வருகிற ஆராதனை நோயாளிகளுக்குப் பெரிய உதவிதான். நடக்க முடிகிறவர்கள் அதோடு திருப்தியடைந்துவிட வேண்டாம். திரையில் தெரிகிற பிரசங்கியாருக்கு நீங்கள் இரண்டு வாரம் வராமற்போனது தெரியாது. பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைவு வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இலவசமாக இருக்கிறது, தமிழில் பேசலாம். எலியாவுக்கு அடையும் தண்ணீரும் அனுப்பின தேவன் மருந்தையும் மருத்துவரையும் அனுப்புகிறார்.

என் ஆறரை மணி ஜெபம் இப்போது தொலைபேசியில் நடக்கிறது. நான்கு தெரு தள்ளி, என்னைப் போலவே தனியாக இருக்கிற அக்கா ஒருவர். கண்புரை அறுவைக்குப் பின் அவருக்குச் சிறிய எழுத்து தெரியவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு மாலையில் கூப்பிட்டு ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டினேன். மறுநாள் அதே நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். பெரிய எழுத்து வேதப்புத்தகம் வாங்கின பிறகு, ஆலயத்தில் செய்வதுபோல ஒரு வசனம் நான், ஒரு வசனம் அவர் என்று மாற்றி மாற்றி வாசிக்கிறோம். சில நாட்களில் அவர் பாதியில் அழுவார், நான் காத்திருப்பேன். பிறகு அவர் விட்ட வசனத்தையும் சேர்த்து நானே வாசித்துவிடுவேன். நேற்று 67 முடிந்தது. இன்றைக்கு 68; தனிமையானவர்களுக்குத் தேவன் வீடுவாசல் ஏற்படுத்துகிறார் என்ற வசனம் அதில் ஆறாவது, எங்கள் கணக்குப்படி அது அக்காவுக்கு வரும்.